ராமானுஜன் விட்டுவிட்ட எண்

இந்த வாரம் ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கணக்கு என்றதும் பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தொடர்கதையின் கதாநாயகி ரயிலடியில் காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கும் தெரியும். நம் ஊர் ரயில் எப்படியும் தாமதமாகத்தான் வரும். அதற்குள் இதைப் படித்து முடித்துவிடலாம்.

எண் இதுதான்: 2,93,31,86,25,600.

வாய்விட்டுப் படித்தால், இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. இது யாருடைய சொத்துக் கணக்கும் அல்ல. எந்த சர்க்காரின் வரவு செலவுத் திட்டமும் அல்ல. நம் கணித மேதை ராமானுஜன் 1915-ல் லண்டனில் ஒரு பட்டியல் அச்சிட்டார். அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டிய எண் இது. ஆனால் இல்லை. விட்டுப்போய்விட்டது.

பட்டியல் எதைப் பற்றியது, எண் எப்படி விட்டுப்போயிற்று என்று தெரிந்துகொள்ள கேம்பிரிட்ஜ் வரையில் போயாக வேண்டும். நேராகப் போவதைவிடக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் வழியாகப் போனால் சுலபமாகப் போகலாம் என்பது என் அபிப்பிராயம்.

பெரிய காஞ்சிபுரத்தில், கைலாசநாதர் கோவிலுக்குப் போகிற பக்கம் இருக்கிறது பிள்ளையார்பாளையம். விடியற்காலையில் போனால் தெரு நெடுகப் பட்டுப் பாவு நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்திக்கொண்டிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதால் குடும்பமே தெருவில் நிற்கும். பாவு ஆயிரக் கணக்கான இழைகள் கொண்டது. புதுப் பாவு தறிக்கு வரும்போது அதன் ஒவ்வோர் இழையையும் அச்சில் நிற்கிற பழைய இழையோடு விரலால் திரித்து இணைக்கிறார்கள். ஓர் இழை தவறினாலும் அந்த இடம் துணியில் பல்லிளிக்கும். எண்ணிக்கையோடு பிறந்து எண்ணிக்கையோடு வளர்கிற ஊர் அது.

அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஐம்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்தவர்.

"பெரியவரே, கணக்குக்காகக் கேட்கிறேன். புடவையின் உடலுக்கு 5000 இழை என்று வைத்துக்கொள்வோம். அதில் 'பாலும் பழமும்' கட்டம் போட வேண்டும். குறுக்கே 12 கட்டம். எப்படிப் பிரிப்பீர்கள்?"

அவர் காகிதம் தேடவில்லை.

"ஐயாயிரம்னா சொல்றதுக்கு நல்லா இருக்கும் சார். பிரிக்கிறதுக்கு நல்லா இருக்காது. கட்டத்துக்கு 416 போட்டா 8 இழை மிஞ்சும். அதை ரெண்டு ஓரத்திலும் நாலு நாலாத் தள்ளணும்."

"5040 இழை என்றால்?"

ஒரு விநாடி கண்ணை மூடினார். "420. மிச்சமே இல்லை. 14 கட்டம் கேட்டாலும் போகும், 360. 15 கேட்டாலும் போகும்." பிறகு சிரித்தார். "இது நல்ல எண்ணு சார். யாரு கேட்டாலும் பங்கு போடும்."

யார் கேட்டாலும் பங்கு போடும் எண்! ராமானுஜன் அறுபது பக்கத்துக்கு மேல் எழுதிய கட்டுரையின் சாரத்தைப் பெரியவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

5040-ஐ 1 முதல் 10 வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுக்கலாம். அப்படி மீதியின்றி வகுக்கிற எண்களை வகுத்திகள் என்போம். 5040-க்கு வகுத்திகள் மொத்தம் 60. அதற்கு முந்திய 5039-க்கு இரண்டே வகுத்திகள்தாம், 1-ம் அதுவும். அதாவது அது பகா எண். அடுத்த 5041 என்பது 71-ஐ 71-ஆல் பெருக்கினால் வருவது. அதற்கு மூன்றே வகுத்திகள். ஒரே தெருவில் அடுத்தடுத்த மூன்று வீடுகள்; நடு வீட்டுக்காரர் மட்டும் ஊருக்கெல்லாம் வாரி வழங்குகிறவர். இரு பக்கத்து வீட்டுக்காரர்களும் கைமூடிகள்!

கிரேக்க ஞானி பிளேட்டோ 'சட்டங்கள்' என்ற நூலில் தம் லட்சிய நகரத்துக்கு 5040 குடும்பங்கள் என்று நிர்ணயித்தார். நிலத்தைப் பங்கிடவும் வரி போடவும் படை திரட்டவும் வசதி என்பதே காரணம். நம் முன்னோருக்கும் இந்த ருசி உண்டு. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை என்று வகுத்தார்கள். பழைய ரூபாய்க்கு 192 பை. மூன்று பிள்ளைகளுக்குச் சரியாகப் பங்கு போடலாம். 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்து ரூபாய்க்கு 100 என்று ஆனபோது, மூன்று பிள்ளை பெற்றவர்கள் ஒரு பைசாவை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியதாயிற்று. எழுதிக் கூட்டுவதற்கு 100 நல்ல எண்தான். பங்கு போடுவதில் அது கொஞ்சம் கருமி, வகுத்திகள் ஒன்பதே.

சரி, 60 வகுத்திகள் என்று எப்படிச் சொன்னேன்? ஒவ்வொன்றாக எண்ணவில்லை. ஜவுளிக் கடைக் கணக்குதான் இது. புடவையின் உடல் மூன்று நிறத்தில் உண்டு, கரை இரண்டு நிறத்தில் உண்டு என்றால் எத்தனை விதப் புடவை நெய்யலாம்? மூவிரண்டு ஆறு. 12-ஐப் பகா எண்களாகப் பிரித்தால் 2×2×3. அதன் வகுத்தி ஒன்றைச் செய்ய, 2-ஐ எடுக்காமல் விடலாம், ஒரு தரம் எடுக்கலாம், இரு தரம் எடுக்கலாம், மூன்று வழி. 3-ஐ விடலாம், எடுக்கலாம், இரண்டு வழி. ஆகவே ஆறு வகுத்திகள்: 1, 2, 3, 4, 6, 12. அவ்வளவுதான் வித்தை.

இப்போது நம் எண்ணுக்கு வாருங்கள். அதைப் பிரித்தால் 2 ஆறு தரம், 3 நான்கு தரம், 5 இரண்டு தரம், 7 இரண்டு தரம், அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொரு தரம். சந்தேகப்படுகிறவர்கள் பெருக்கிப் பார்க்கலாம். ஒரு சிலேட்டு போதும். வகுத்திகளின் எண்ணிக்கை: 7×5×3×3×2×2×2×2. பெருக்கினால் வருவது என்ன தெரியுமா? 5040. பெரியவர் மெச்சிய அதே 5040!

இந்த எண்ணை 1 முதல் 22 வரை எதனாலும் மிச்சமில்லாமல் வகுக்கலாம். 23-ல்தான் முதன்முதலாக முரண்டு பிடிக்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. இதற்கு 5040 வகுத்திகள், 5040-க்கு 60, 60-க்கு 12, 12-க்கு 6, 6-க்கு 4, 4-க்கு 3, 3-க்கு 2. இந்த வரிசையில் 3 ஒன்றைத் தவிர மற்ற எல்லா எண்களும் ராமானுஜன் தேடிய ஜாதியைச் சேர்ந்தவை.

அது என்ன ஜாதி? தன்னைவிடச் சிறிய எண் எதற்கும் தன்னளவு வகுத்திகள் இல்லை என்று மார்தட்டக்கூடிய எண். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அவை போகும். தமிழில் 'மிகு பகு எண்' என்று சொல்லிக்கொள்வோம். பகா எண்ணுக்கு நேர் எதிர்த் துருவம் இது. பகா எண்களைப் பற்றி உலகம் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆராய்ந்திருந்தது. எதிர்த் துருவத்தை முறையாக ஆராய்ந்து, அதற்கு ஒரு சாஸ்திரமே எழுதியவர் ராமானுஜன்.

அவருக்கும் பட்டு ஊர்களுக்கும் இருந்த உறவை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தார். தகப்பனார் கும்பகோணத்தில் ஜவுளிக் கடைக் குமாஸ்தா. தாயாரைப் பெற்ற பாட்டனார் காஞ்சிபுரத்தில் கோர்ட்டு உத்தியோகஸ்தர். ஆகவே சிறு குழந்தைப் பருவத்தில் கொஞ்ச காலம் ராமானுஜனும் காஞ்சியில் இருந்தார். தறிச் சத்தம் அந்தக் குழந்தையின் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். அதிலிருந்துதான் எண்கள் பிறந்தன என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

எப்.ஏ. பரீட்சையில் தேறாமல், 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர், 1914-ல் ஹார்டியின் அழைப்பில் கேம்பிரிட்ஜ் போனார். போன சில மாதத்தில் யுத்தம் மூண்டது. 1915-ல் லண்டன் கணித சங்கத்தின் வெளியீட்டில் மிகு பகு எண்களைப் பற்றிய நீண்ட கட்டுரை வந்தது. சங்கத்துக்கு அப்போது பணமுடை. அச்சுச் செலவை நினைத்துக் கட்டுரையின் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பகுதியின் கையெழுத்துப் பிரதி 1988-ல்தான் புத்தகத்தில் இடம்பெற்றது. 1997-ல் நிக்கோலா, ரோபேன் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் இருவர் குறிப்புரையோடு பிரசுரித்தார்கள். அச்சான பகுதியே ராமானுஜனுக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிப் பட்டத்தை வாங்கிக் கொடுத்துவிட்டது. எப்.ஏ. தேறாதவர் பி.ஏ. ஆனார்!

அந்தக் கட்டுரையில் இருக்கிறது நம் பட்டியல். நூற்றுச் சொச்சம் எண்கள்; ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் வகுத்திகளின் எண்ணிக்கையும், பகா எண்களாகப் பிரித்த பிரிப்பும். கடைசி எண் 67,46,32,83,88,800. அதற்கு 10,080 வகுத்திகள்.

கணக்கு யந்திரம் எதுவும் இல்லாமல் இதை எப்படிச் செய்தார்? கோடிக் கணக்கான எண்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க மனித ஆயுள் போதாது. முதலில் தேட வேண்டாத இடங்களைக் கழித்துக்கட்டினார். 18-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 2×3×3. வகுத்திகள் ஆறு. ஆனால் 3-க்குக் கொடுத்த இடத்தை 2-க்குக் கொடுத்து 2×2×3 என்று மாற்றினால் 12 ஆகிறது. வகுத்திகள் அதே ஆறு. சிறிய எண்ணே அவ்வளவு தரும்போது பெரிய எண்ணுக்கு என்ன மதிப்பு? ஆகவே 18 பட்டியலில் வராது. இதிலிருந்து கிடைப்பது ஒரு சட்டம்: 2 எத்தனை தரம் வருகிறதோ, அதற்கு மேல் 3 வரக்கூடாது, 3-க்கு மேல் 5 வரக்கூடாது, நடுவில் எந்தப் பகா எண்ணும் விடுபடக் கூடாது. கடைசிப் பகா எண் ஒரே ஒரு தரம்தான் வரும். 4, 36 என்ற இரண்டு எண்கள் மட்டுமே விலக்கு. இப்படிச் சட்டத்தின்மேல் சட்டம் போட்டு, வலையை இறுக்கிக்கொண்டே போனார். மிஞ்சியவற்றைக் கையால் பெருக்கிச் சரிபார்க்க வேண்டும். அங்கேதான் ஒரு மீன் நழுவிற்று.

நழுவிய இடத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். பட்டியலின் அந்தப் பகுதியில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு கட்சி 19 என்ற பகா எண்ணோடு நின்றுகொள்கிறது. மிச்ச பலத்தை இரண்டாவது 7-ல் காட்டுகிறது. மற்றக் கட்சி 7-ஐ ஒரு தரம் மட்டும் வைத்துக்கொண்டு 23 வரை போகிறது. பட்டுப் புடவைக் கோர்வையில் கரை இழையும் உடல் இழையும் கோத்துக்கொண்டு வருகிற மாதிரி, இரு கட்சியும் கொஞ்ச தூரம் மாறி மாறி வருகின்றன. 1,46,65,93,12,800 என்பது 19-ன் கட்சி. அடுத்த 1,60,62,68,66,400 என்பது 23-ன் கட்சி. அதற்கடுத்த 2,40,94,02,99,600-ம் 23-ன் கட்சியே, வகுத்திகள் 4800. அதற்குப் பிறகு 3,21,25,37,32,800, அதுவும் 23-தான், வகுத்திகள் 5376. இவற்றைப் பார்க்கிற எவரும் 19-ன் கட்சி தோற்றுப் போய்விட்டது, இனி 23-ன் ராஜ்யம் என்றே நினைப்பார்கள்.

ஆனால் கடைசி இரண்டுக்கும் நடுவில் ஓர் இடுக்கு. நம் எண்ணிலிருந்து 28-ஐ, அதாவது 2×2×7-ஐ எடுத்துவிட்டு 23-ஐ வைத்தால் 24,094 கோடிச் சொச்சம் என்ற முந்திய எண் வருகிறது. 21-ஐ, அதாவது 3×7-ஐ எடுத்துவிட்டு 23-ஐ வைத்தால் 32,125 கோடிச் சொச்சம் என்ற பிந்திய எண் வருகிறது. 21-க்கும் 28-க்கும் நடுவில் 23 விழுவதால், நம் எண் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் விழுகிறது. வகுத்திகளும் 4800-க்கும் 5376-க்கும் நடுவில், 5040. 19-ன் கட்சிக்காரர் ஒருவர் கடைசியாக ஒரு முறை எழுந்து நின்று 'நானும் இருக்கிறேன்' என்கிறார். அவருக்குப் பின் பட்டியலின் முடிவு வரையில் 19-ல் நிற்கிற எண் ஒன்றுகூடக் கிடையாது. கூட்டத்தில் கடைசியாகக் கை தூக்கியவரைத் தலைவர் கவனிக்கவில்லை என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

அதைவிட விசித்திரம், பட்டியலின் கடைசி எண்ணில் இருக்கிறது. 67,46,32,83,88,800 என்பதை 23-ஆல் வகுத்துப் பாருங்கள். சத்தியமாக நம் எண்தான் வருகிறது! ராமானுஜன் தம் கையாலேயே கடைசி வரியில் 2 ஆறு தரம், 3 நான்கு தரம், 5 இரண்டு தரம், 7 இரண்டு தரம், 11, 13, 17, 19, 23 என்று பிரித்து வைத்திருக்கிறார். அந்த 23-ஐ விரலால் மறைத்தால், விட்டுப்போன எண் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். வீடெல்லாம் தேடிய மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருந்த கதை!

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. "ராமானுஜனா தப்புச் செய்வார்? நாமகிரித் தாயார் கனவில் வந்து எழுதிக் கொடுத்த கணக்கல்லவா?" என்று ஒரு நண்பர் என்னோடு மல்லுக்கு நின்றார். தாயாரிடம் அவருக்கு இருந்த பக்தி உண்மை; அதைப் பற்றிப் பேச நான் யார்? ஆனால் கனவில் எழுதிக் கொடுத்த பட்டியலில் இடுக்கில் நிற்கிற எண் விட்டுப்போகாது. கண் வலிக்க, கை வலிக்க, வரி வரியாகப் பெருக்கி, கூட்டி, ஒப்பிட்டுப் பார்க்கிற மனிதனுக்குத்தான் அப்படி விட்டுப்போகும். பாவு பிணைக்கிறவர் விரலுக்கு ஆயிரத்தில் ஓர் இழை தப்புகிற மாதிரி. குளிர் தாங்காமல், தம் கையாலேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, யுத்த கால இங்கிலாந்தில் உட்கார்ந்து அவர் செய்த உழைப்பின் தடயம் அந்த ஒரு வரியின் இன்மையில் தெரிகிறது. 1729 என்ற டாக்ஸி நம்பர் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். படுக்கையில் கிடந்தவர் பளிச்சென்று பதில் சொன்னார் என்று. அழகான கதைதான். எனக்கு என்னவோ பட்டியலின் ராமானுஜனைத்தான் அதிகம் பிடிக்கிறது.

இன்று கம்ப்யூட்டர் கண் இமைப்பதற்குள் இந்தப் பட்டியலைப் போட்டுவிடும்; எதையும் விடாது. பிள்ளையார்பாளையத்திலும் புட்டாவுக்கான அட்டைக் கணக்கைக் கம்ப்யூட்டர் போட ஆரம்பித்துவிட்டது. பெரியவரிடம், அவர் மெச்சிய 5040-க்கு இப்படி ஓர் அண்ணன் இருக்கிறது, மேதை ஒருவர் கண்ணில் அது படாமல் போயிற்று என்று சொன்னேன். எண்ணைக் காகிதத்தில் எழுதிக் காட்டச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத்தனை இழைக்குப் பாவு போட்டா, தெரு எங்கே சார் போதும்?" என்றார்.

குழந்தைகளுக்கு ஒரு வேலை. 100-க்குள் 12 வகுத்திகள் கொண்ட எண்கள் மொத்தம் ஐந்து. 60 ஒன்று. மற்ற நான்கும் எவை? அந்த நான்கும் ஏன் ராமானுஜன் பட்டியலில் வராது? விடை அடுத்த வாரம். அப்பாவைக் கேட்கக் கூடாது, அவருக்குத் தெரியாது.